வீட்டுக்கு வரும் பராமரிப்பு: தரத்தையும் பாதுகாப்பையும் எங்கே பார்ப்பது?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, சில வாரங்கள் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். அல்லது அப்பா குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறார். பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கெப்போங்கிலோ இருக்கும் ஒரு குடும்பம் இந்த நிலையில் என்ன செய்யும்? தெரிந்தவர்களிடம் விசாரித்து ஓர் ஏஜென்சிக்கு ஃபோன் போடும். ஆள் எப்போது வருவார், மாதம் எவ்வளவு, சமைப்பாரா? இவ்வளவும் கேட்டானதும் பேச்சு முடிந்துவிடும்.

முக்கியமாகக் கேட்க வேண்டியவை அதற்குப் பிறகுதான் இருக்கின்றன. ஆள் வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்வதைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்காக அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

யார் எந்த வேலையைச் செய்யலாம்

வீட்டுப் பராமரிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, நடக்கும்போது பக்கத்தில் நிற்பது எல்லாம் பராமரிப்பாளர் செய்வது. ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மூக்கு வழியாகப் போகும் டியூபையும் சிறுநீர் டியூபையும் மாற்றுவது தாதியின் வேலை. கைகால் பயிற்சி கொடுப்பவர் பிசியோதெரபிஸ்ட். முதல் வகை ஆளை இரண்டாவது வகை வேலைக்கு விடும்போதுதான் பல வீடுகளில் சிக்கல் ஆரம்பிக்கிறது. டியூப் கழன்றுவிட்டது, ராத்திரி நேரம், தாதி வர நாளைக்காகும், "நானே போட்டுடறேன்" என்று பராமரிப்பாளர் சொல்கிறார். மூக்கில் விட்ட டியூப் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் ஊற்றும் பால் நேராக நுரையீரலுக்குப் போகும். கழன்ற டியூபை அப்படியே விட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று மருத்துவமனையிடமோ தாதியிடமோ கேட்பவர்தான் பயிற்சி பெற்றவர்.

மலேசியாவில் தாதியாக வேலை செய்பவர் 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின் கீழ் தாதியர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஏஜென்சி "நர்ஸ் அனுப்புகிறோம்" என்றால் இந்த ஆண்டின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முறையான தாதி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். பராமரிப்பாளர்களுக்கு இப்படி ஒரு வாரியம் கிடையாது. ஒரு சில நாள் வகுப்பு முடித்தவரும் இருப்பார், பத்து வருடம் நோயாளிகளோடு பழகியவரும் இருப்பார். வெள்ளைச் சட்டையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டமும், முதியோர் சுகாதாரப் பராமரிப்பு நிலையங்களுக்காக 2018இல் வந்த சட்டமும் மையங்களைப் பற்றியவை. நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் இல்லம் என்றால் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும், அதிகாரிகள் வந்து பார்க்கலாம். உங்கள் வீட்டு அறையில் ஒரே ஒரு பாட்டியை ஒரே ஒரு பராமரிப்பாளர் பார்த்துக்கொள்வது அந்த வளையத்துக்குள் வராது. மாதாமாதம் வந்து சோதிக்க யாரும் இல்லை.

வார்டில் இருந்தவை வீட்டில் இல்லை

மருத்துவமனை வார்டை நினைத்துப் பாருங்கள். டாக்டர் எழுதிய மருந்தை மருந்தாளர் ஒரு தடவை சரிபார்க்கிறார். தாதி கொடுத்துவிட்டுத் தாளில் குறிக்கிறார். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த தாதி படித்துப் பார்க்கிறார், சிஸ்டர் சுற்றி வருகிறார். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார் என்பதால்தான் வார்டு பாதுகாப்பாக இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு வரும் அன்றைக்கு இந்தக் கண்கள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. நோயாளியின் நிலைமை மட்டும் அப்படியே இருக்கிறது.

அவேதிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர், சிகிச்சையின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966இல் எழுதினார். இன்றும் உலகெங்கும் அதைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகிறார்கள். தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார் அவர். முதலாவது அமைப்பு: ஆளுக்கு என்ன பயிற்சி, என்ன கருவிகள், எத்தனை பேர். இரண்டாவது செயல்: அன்றாடம் உண்மையில் என்ன செய்யப்படுகிறது. மூன்றாவது விளைவு: நோயாளி தேறினாரா, புண் வந்ததா, விழுந்தாரா.

நம் குடும்பங்கள் முதலாவதையும் மூன்றாவதையும் பார்க்கின்றன. ஆள் எடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறோம், அப்புறம் புண் வந்த பிறகு சண்டை போடுகிறோம். நடுவில் இருக்கும் செயலைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் ஆபீசில் இருக்கிறோம். என்னைக் கேட்டால், வீட்டுப் பராமரிப்பின் பாதுகாப்பு முழுக்க முழுக்க இந்த நடுப் பகுதியில்தான் இருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அந்த அறையில் என்ன நடக்கிறது என்பது எழுத்தில் பதிவாக வேண்டும், அதை வீட்டில் ஒருவர் தினமும் படிக்க வேண்டும்.

மருந்துப் பையில் தொடங்குங்கள்

முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் மேசையில் கொட்டுங்கள். அரசாங்க மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பைகள், பக்கத்துத் தனியார் கிளினிக்கில் வாங்கியவை, பழைய மிச்சம், பினாங்கிலிருந்து வந்த அத்தை கொண்டுவந்த சத்து மாத்திரை, எல்லாமே. பைகளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்களைப் படியுங்கள். அரசாங்கப் பையில் 'அம்லோடிபின்' என்றிருக்கும், தனியார் கிளினிக் பெட்டியில் 'நோர்வாஸ்க்' என்றிருக்கும். இரண்டும் ஒரே ரத்த அழுத்த மருந்துதான். 'மெட்ஃபார்மின்', 'குளுகோஃபாஜ்' இரண்டும் அதேபோல ஒரே இனிப்பு நீர் மருந்து. பெயர் வேறாக இருப்பதால் பராமரிப்பாளர் இரண்டையும் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட பையில் இரண்டும் இருந்தன. அழுத்தம் மிகவும் இறங்கி, பாட்டி கட்டிலிலிருந்து எழுந்ததும் தலைசுற்றி விழுவார். "கால் வழுக்கிடுச்சு" என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்வோம்.

இந்தக் குவியலை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஒரு மருந்தாளரிடம் காட்டி, கடைசியாக எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டு, ஒரே பட்டியலாக்கி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்ன மருந்தை வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள். டியூப் வழியாக மருந்து கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது? பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருப்பவை மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

இன்சுலின் தனிக் கவனம் கேட்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பாட்டிக்குக் காலை எட்டு மணிக்குக் கலவை இன்சுலின் என்று சீட்டில் இருக்கிறது. பராமரிப்பாளர் சரியாக எட்டு மணிக்குப் போடுகிறார். அன்று வெள்ளிக்கிழமை. பாட்டி குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். எல்லாம் முடிய ஒன்பதரை ஆகிறது. அந்த வகை இன்சுலினுக்கு அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு உள்ளே போயிருக்க வேண்டும். ஒன்பது மணிக்கே பாட்டிக்கு வேர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சீட்டுப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பாட்டியின் வெள்ளிக்கிழமை யாருடைய சீட்டிலும் இல்லை. குடும்பம் முதல் நாளே சொல்லியிருந்தால் ஊசி நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் கேட்டு மாற்றியிருக்கலாம்.

ரத்தச் சர்க்கரை 4க்குக் (mmol/L) கீழே போனால் என்ன செய்வது என்பதைக் குளிர்பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு சாப்பாடு. நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999ஐ அழைக்க வேண்டும்.

நம் தோலில் சிவப்பு தெரியாது

படுக்கையிலேயே இருப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் நசுங்கி, தோல் செத்துப் புண்ணாகும். இடுப்புக்குப் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு ஆகியவைதான் முதலில் அடிபடும். சில மணி நேரத்தில் தொடங்கும், ஆற மாதக்கணக்காகும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள்.

பயிற்சி வகுப்புகளில் "தோல் சிவந்திருக்கிறதா பார்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். வெளிர் நிறத் தோலுக்கு அது பொருந்தும். நம்மவர்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஆரம்பக்கட்டத்தில் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாகக் கறுத்திருக்கும், ஊதா கலந்தும் தெரியலாம். தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கும். பாட்டி அங்கே வலிக்கிறது என்பார். ஆகவே வெளிச்சத்தில் பார்ப்பதோடு, புறங்கையை வைத்துத் தொட்டும் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பராமரிப்பாளரிடம் நீங்களே இதைக் காட்டிக்கொடுங்கள். தினமும் குளிப்பாட்டும் நேரம்தான் இதற்கு வசதியானது.

பல வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள் புண்ணை மோசமாக்குகின்றன. கறுத்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையில் உட்காரவைப்பது, கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்பது ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். ஆடுதசைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கினாலே போதும். காற்று மெத்தை வாங்கினால் உதவியாக இருக்கும், ஆனால் மெத்தை இருக்கிறது என்று புரட்டுவதை விட்டுவிட முடியாது.

விழுவதும் புரையேறுவதும்

வீல்சேரிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கழிவறைக்கும் மாற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் பெரும்பாலான அடிகள் படுகின்றன. பிரேக் போட்டாயிற்றா, கால் வைக்கும் தட்டை மடக்கியாயிற்றா, நோயாளியின் பலமான பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவிவிடும், பிறகு அந்த வலி பல மாதம் விடாது. ஏஜென்சி ஆள் வந்த முதல் நாள், "அம்மாவை எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் சான்றிதழையும்விட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லிவிடும். குளியலறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும் நம் வீடுகளில் சுவர்க் கைப்பிடியும் வழுக்காத பாயும் அவசியம்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவது சிரமமாக இருப்பவருக்குக் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து, வேகமாக மூச்சுக்குழாய்ப் பக்கம் ஓடிவிடும். எந்த அளவுக்குக் கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாய் வழியாக ஊட்டும்போது முடிந்தவரை நிமிர்ந்து உட்காரவையுங்கள். டியூப் வழியாகப் பால் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே.

நோட்டுப் புத்தகம்

ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு போதும். நேரம், கொடுத்த மருந்து, சாப்பிட்ட அளவு, சிறுநீர், மலம், எந்தப் பக்கம் படுக்கவைத்தார், தோல் எப்படி, வேறு ஏதாவது இருந்தால் அதுவும். "10.00 இடப்பக்கம். 12.00 முதுகு. கஞ்சி அரைக் கிண்ணம், இரண்டு தடவை இருமினார்." இப்படி இருந்தால் அருமை. அந்த இருமல் நாளைக்கும் மறுநாளும் வந்தால் டாக்டரிடம் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. பராமரிப்பாளர் மலாயிலோ இந்தோனேசிய மொழியிலோ எழுதினால் எழுதட்டும், நம் பிள்ளைகளுக்கு அது புரியும். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்றால், வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல், தண்ணீர், கழிவறை போன்றவற்றை அவர் எப்படிச் சொல்வார் என்று பராமரிப்பாளருக்கு முதல் நாளே பழக்கிவிடுங்கள். "நெஞ்சு அடைக்குது" என்று பாட்டி சொல்வது பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாமல் போனால் மற்ற எந்த ஏற்பாடும் உதவாது.

நோட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மணிக்கொரு டிக், நடுராத்திரியிலும் தவறாமல், எல்லாம் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால், மாலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம். உடனே சத்தம் போடாதீர்கள். பகல் முழுவதும் வேலை செய்த ஒருவர் ராத்திரியிலும் இரண்டு மணிக்கொரு தடவை எழ முடியாது. அது அவருடைய நேர்மையைப் பற்றிய கேள்வி அல்ல, மனித உடம்பு அவ்வளவுதான். இரவில் ஒரு தடவை நீங்கள், ஒரு தடவை தம்பி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். தூக்கமில்லாத பராமரிப்பாளரின் கையில் இன்சுலின் ஊசி இருப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. நீங்கள் நேரடியாக வேலைக்கு வைத்தவர் என்றால் அவருக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்ட வேண்டும். 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளர்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வது இந்த வேலையில் சகஜம்.

விழாமல் இருப்பது மட்டும் போதுமா

ஒரு வீட்டில் தாத்தா ஒரு வருடமாக விழவில்லை, புண் இல்லை, மருந்து தவறவில்லை. காலையிலிருந்து இரவு வரை பெல்ட் போட்ட நாற்காலியில் டிவிக்கு எதிரே இருக்கிறார். நடக்கக்கூடியவருக்குப் பேம்பர்ஸ் கட்டியிருக்கிறார்கள், கழிவறைக்குக் கூட்டிப்போனால் விழுந்துவிடுவாராம். சில மாதத்தில் அவருக்கு உண்மையாகவே நடை போய்விடும். உபயோகிக்காத கால் வேகமாகத் தேய்ந்துவிடும். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கழிவறைக்கு நடத்திக் கூட்டிப்போகும் பராமரிப்பாளர் கொஞ்சம் அபாயத்தை ஏற்றுக்கொள்கிறார், ஆனால் நல்ல பராமரிப்பு அதுதான். யார் குளிப்பாட்டலாம், எப்போது சாப்பாடு, வெள்ளிக்கிழமை சைவமா, கோவிலுக்கு மாதம் ஒரு தடவையாவது போக வேண்டுமா என்பதையெல்லாம் அவரிடமே கேட்க வேண்டும். பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் பிள்ளைகளுக்கு வசதியானதுதான் கிடைக்கும்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

அனுப்பும் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் காலை யார் வருவார்? தாதி ஒருவர் இடையிடையே வந்து மேற்பார்வை செய்வாரா, அல்லது ஆளை அனுப்பியதோடு வேலை முடிந்ததா? விழுந்தாலோ மருந்து மாறிப்போனாலோ எங்களுக்கு எவ்வளவு நேரத்தில் சொல்வீர்கள், எழுத்தில் தருவீர்களா? "எங்கள் ஆள் தப்பே செய்யமாட்டார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். தவறு நடந்தால் என்ன செய்வோம் என்று சொல்லத் தெரிந்த ஏஜென்சிதான் தவறுகளைப் பற்றி யோசித்திருக்கிறது. வந்த பராமரிப்பாளரிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எது நடந்தாலும் உடனே சொன்னால் சம்பளத்தில் கை வைக்கமாட்டோம். திட்டுக்குப் பயந்து மறைக்கும் சின்ன வழுக்கல்தான் இரண்டு நாள் கழித்து எலும்பு முறிவாகத் தெரியவரும்.

பணம் கொடுத்து ஆள் வைப்பதற்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பவற்றையும் விசாரியுங்கள். சுகாதார அமைச்சு தன் கிளினிக்குகள் வழியாக, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே குழுவை அனுப்பும் டொமிசிலியாரி சேவையை நடத்துகிறது. உங்கள் நோயாளிக்கு அது பொருந்துமா என்று வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஓடித் திரிவதைவிட அது சுலபம். முற்றிய புற்றுநோய் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு, 1991இலிருந்து இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுகளுக்கே வந்து கட்டணமில்லாமல் பார்க்கிறது. தனியாக இருக்கும் முதியவர்களைத் தொண்டூழியர்கள் வந்து பார்க்கும் திட்டம் ஒன்றும், படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாத உதவித்தொகையும் சமூக நல இலாகாவிடம் உண்டு.

உடம்பில் காரணம் தெரியாத காயம், பராமரிப்பாளர் அறைக்குள் வந்ததும் பாட்டி சுருண்டுகொள்வது, வங்கி அட்டை இடம் மாறியிருப்பது போன்றவற்றைக் கண்டால் ஏஜென்சியின் விளக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவி எண்ணான 15999ஐ அழையுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஏதாவது நடப்பதாகச் சந்தேகம் வந்தாலும் அதே எண்ணை அழைக்கலாம்.